பாடம் போய்ச் சேர்ந்தால் போதுமா?

நம் நாட்டிலே பல்கலைக் கழக அளவில் அஞ்சல் வழிக் கல்வி பிறந்த ஊர் தில்லி. பேராசிரியர் தௌலத் சிங் கோத்தாரி தலைமையில் அமைந்த வல்லுநர் குழு வழி காட்ட, 1962ஆம் ஆண்டிலே தில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல் வழிக் கல்விப் பள்ளியைத் தொடங்கிற்று. பகலெல்லாம் வேலை பார்ப்பவர், வீட்டுப் பொறுப்பை விட்டு வர இயலாத பெண், கல்லூரியில் இடம் கிடைக்காத ஏழை மாணவன் ஆகிய அனைவருக்கும் தபால்காரர் கையிலே பல்கலைக் கழகத்தைக் கொடுத்தனுப்பிய திட்டம் அது. இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளி என்னும் பெயரோடு அது இயங்குகிறது. நாம் நாள்தோறும் வகுப்புக்குப் போகும் இதே பல்கலைக் கழகத்தின் பட்டத்தை, நாள்தோறும் வகுப்புக்கு வராமலே இலட்சக்கணக்கானோர் பெற்றிருக்கின்றனர்.

தில்லியிலே படிக்கும் தமிழ் மாணவர்க்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அக்கறை உண்டு. நம்மிலே எத்தனை பேருடைய அண்ணனும் அக்காளும் அஞ்சல் வழியிலே பட்டம் பெற்றவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மதுரையிலிருந்தும், அண்ணாமலை நகரிலிருந்தும், சென்னையிலிருந்தும் வந்த பாடக் கட்டுகளைப் பிரித்துப் படித்து, தேர்வெழுதி, ஆசிரியரானவர் எத்தனை பேர்! எழுத்தர் பதவியிலிருந்து உயர்ந்தவர் எத்தனை பேர்! அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981-லும் இத்துறையில் இறங்கின. மதுரைப் பல்கலைக் கழகம் அவற்றுக்கு முன்பே இறங்கியிருந்தது. 2002-இல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் என்று தனியாகவே ஒன்று நிறுவப்பட்டது. ஆகவே தொலைநிலைக் கல்வி தமிழகத்துக்குப் புதிதன்று. புதிதாக வேண்டுவது வேறொன்று.

தமிழகத்திலே அரசினர் கலை, அறிவியல் கல்லூரிகள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. வால்பாறை மலையிலும், இராமேசுவரக் கடலோரத்திலும்கூட இன்று அரசினர் கல்லூரி உண்டு. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு தனித் தீவு. சிறிய ஊர்க் கல்லூரியிலே ஐந்தாறு துறைகள் இருக்கும். தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியல், கணினி அறிவியல் என்று அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். நிலவியல் படிக்க வேண்டும் என்று மலையூர்ப் பையன் ஒருவன் ஆசைப்பட்டால், சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடத்துக்கு வர வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும்; வீட்டாரின் இசைவும் வேண்டும். மலையிலே பிறந்தவனுக்கு மலையின் கல்லைப் பற்றிப் படிக்க வழியில்லை என்றால், அது அவன் குறையா?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியிலே சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 28.4. தமிழகத்திலோ அது 47. முன்னணியில் நிற்கிறோம்; மகிழ்ச்சி. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட இளைஞர் இன்னும் வாயிலுக்கு வெளியேதான் நிற்கின்றனர். அவர்களுள் பின்னலாலையில் வேலை செய்பவர் உண்டு. கடையிலே பொட்டலம் மடிப்பவர் உண்டு. பத்தொன்பது வயதிலே மணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவர் உண்டு. இவர்களுடைய ஊருக்கு அருகிலே கல்லூரிக் கட்டடம் இருக்கிறது. அதிலே நூலகம் இருக்கிறது. மாலையானால் வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. இவர்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் மட்டும் யாதொரு உறவும் இல்லை!

அரசினர் கல்லூரிகள் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஒரு கல்லூரியின் மாணவர் மற்றொரு கல்லூரியின் பாடத்தைத் தம் ஊரிலிருந்தே கற்க வேண்டும். கல்லூரியில் சேராதவரும் அருகிலுள்ள கல்லூரியைத் தம் கல்லூரியாகக் கொள்ள வேண்டும். இதுவே நமக்கு வேண்டிய மாநிலம் தழுவிய தொலைநிலைக் கல்வித் திட்டம். இதை மறுப்பார் மிகச் சிலரே. எப்படித் திட்டமிடுவது என்பதிலேதான் வழக்கு.

திட்டம் என்றதும் நம்மவர் முதலிலே எண்ணுவது கருவியைத்தான். எத்தனை கம்பி இழுப்பது, எத்தனை திரை மாட்டுவது, எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்றே பேச்சு தொடங்குகிறது. பாடம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள்ள வழியைப் பற்றியே கவலை. மாணவனுடைய கேள்வி அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்கும், அதற்கு ஒருவர் அமர்ந்து விடை எழுதுவதற்கும் வழி எங்கே? போகும் வழியைப் போட்டுவிட்டு வரும் வழியை மறந்த திட்டங்கள் எல்லாம் என்னவாயின என்பதை வரலாறு சொல்கிறது.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, இந்தியாவிலே செயற்கைக் கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடம் பரப்பும் பெரிய சோதனை ஒன்று நடந்தது. ஆறு மாநிலங்களிலே ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. உலகமே வியந்து பார்த்தது. நம்முடைய பொறியாளர்கள் கற்றுக்கொண்டது ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செயற்கைக் கோள் அமெரிக்காவிடம் ஓராண்டுக்குக் கடனாகப் பெற்றது. ஆண்டு முடிந்தது, கோள் போயிற்று. பெரும்பாலான ஊர்களில் அந்தப் பாடமும் அதோடு போயிற்று.

பிறகு நமக்கென்றே ஒரு கோள் வந்தது. 2004 செப்டம்பர் 20ஆம் நாள், கல்விக்காகவே எடுசாட் என்னும் செயற்கைக் கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினோம். கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஏற்புக் கருவிகள் வைக்கப்பட்டன. ஆறே ஆண்டுகளில், 2010-இல், அக்கோள் பணியிலிருந்து விலக்கப்பட்டது. இணைப்பு, பாடப் பொருள், நிருவாகம் ஆகிய மூன்றிலும் திட்டமிடல் குறைபட்டிருந்தது என்று 2013-இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துக் காட்டிற்று. வானத்திலே ஏவுவதற்கு வல்லவரான நாம், வகுப்பறையிலே நிலைநிறுத்த வல்லவராக இல்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1963-இலே ஹாரல்டு வில்சன் 'வானொலிப் பல்கலைக் கழகம்' என்ற கருத்தைப் பிரிட்டனிலே முன்வைத்தார். வானொலியும் தொலைக்காட்சியும் கற்பிக்கும் என்பது அன்றைய கனவு. ஜென்னி லீ அம்மையாரின் விடாமுயற்சியால் 1969-இல் அது திறந்தநிலைப் பல்கலைக் கழகமாக உருவாயிற்று. 1971-இலே பாடம் தொடங்கிற்று. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த அப்பாடங்கள் பெரும்புகழ் பெற்றன. 2006-இல் அந்த ஒளிபரப்பு நின்றுவிட்டது. பல்கலைக் கழகம் நின்றதா? இல்லை. ஏன்? அதன் உயிர் ஒளிபரப்பிலே இல்லை. ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தி, மாணவர் எழுதியனுப்பும் ஒவ்வொரு கட்டுரையையும் திருத்தி, குறை நிறைகளை எழுதித் திருப்பியனுப்பும் முறையிலே அதன் உயிர் இருந்தது. கருவி மாறிற்று; அஞ்சல் போய் இணையம் வந்தது. விடை சொல்லும் ஆள் மாறவில்லை. ஆகவே பல்கலைக் கழகமும் மாயவில்லை.

கருவியே வேண்டா என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 2020-இலே பெருந்தொற்று வந்து கல்லூரிகள் மூடியபோது, அலைபேசிக்கு அலை கிடைக்காமல் மேட்டைத் தேடியும் மரத்தைத் தேடியும் மாணவர் அலைந்ததை நாம் அறிவோம். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, ஒன்பதரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதியைத் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்தது. நல்ல செயல், தேவையான செயல். ஆனால் அக்காலத்திலே மாணவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு திரையிலே அறுபது பெயர்கள், பேசுபவர் ஒருவர், மற்றவர் ஊமைகள். புரியாதவன் புரியாதவனாகவே இருந்து, தேர்வு வந்தபோதுதான் தனக்குப் புரியவில்லை என்பதை அறிந்தான். கம்பி இருந்தது, வரும் வழி இல்லை.

அப்படியானால் எவ்வாறு திட்டமிடுவது? நான்கு செய்திகளை இங்கே முன்வைக்கிறேன்.

முதலாவது, கணக்கை ஆசிரியரிலிருந்து தொடங்க வேண்டும். முதலாண்டிலே முப்பதாயிரம் பேர் சேர்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் ஆயிரம் ஆசிரியர் வேண்டும். நூற்றைம்பது கல்லூரிக்குப் பங்கிட்டால் கல்லூரிக்கு ஏழு பேர். இதுவொன்றும் மலைக்க வேண்டிய தொகையன்று. ஆனால் இந்த ஏழு பேருக்கும் இது வேலை நேரத்துக்குள் அடங்கிய வேலையாக இருக்க வேண்டும். ஊதியத்தோடு கூடிய வேலையாக இருக்க வேண்டும். மாணவன் அனுப்பிய பயிற்சி பதினைந்து நாளுக்குள் திருத்தப்பட்டுத் திரும்ப வேண்டும் என்பது விதியாக வேண்டும். எத்தனை பாடம் ஒளிபரப்பினோம் என்பதை வைத்துத் திட்டத்தை அளக்க வேண்டா. எத்தனை விடைத்தாள் உரிய நாளிலே திரும்பிற்று என்பதை வைத்து அளப்போம்.

இரண்டாவது, தலைநகரிலே ஒரு மாளிகையைக் கட்டி, மற்ற ஊர்களை அதன் வால்களாக ஆக்கக் கூடாது. அமெரிக்காவிலே அயோவா என்றொரு மாநிலம். அங்கே அரசே சொந்தமாகக் கண்ணாடி இழைக் கம்பி வலையை அமைத்து, 1993-இலே இயக்கத் தொடங்கிற்று. 99 சிறு மாவட்டங்களைக் கொண்ட அம்மாநிலத்திலே, ஒவ்வொரு மாவட்டத்திலும் பேசவும் கேட்கவும் வசதியுள்ள வகுப்பறையாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது திட்டம். வட்டார மையங்களாக விளங்கியவை அங்குள்ள 15 பொதுக் கல்லூரிகள். நமக்கு 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஓர் அரசினர் கல்லூரியை மையக் கல்லூரியாக்குவோம். அங்கே நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு நடக்கட்டும். ஆய்வுக் கூடம் வேண்டிய பாடங்களுக்குக் கோடை விடுமுறையிலே இரு வாரப் பயிற்சி நடக்கட்டும். இந்தத் தில்லியிலேயே, கல்லூரிக்கு நாள்தோறும் வர இயலாத மகளிர்க்காகச் சனி, ஞாயிறுகளில் கல்லூரி அறைகளிலே வகுப்பு நடப்பதைக் கண்ணாரக் காண்கிறோம் அல்லவா? வாடகை அறையிலே பலகை மாட்டிக்கொண்டு, சேர்க்கைக்குத் தரகு பெறும் தனியார் படிப்பு மையங்களுக்கு மாற்று இதுதான்.

மூன்றாவது, பல்கலைக் கழகங்களுக்குள் உடன்பாடு வேண்டும். இதைத்தான் கம்பியை விடக் கடினமான முடிச்சு என்பேன். நம் அரசினர் கல்லூரிகள் ஒரே அரசின் கீழ் இருந்தாலும், ஒரே பல்கலைக் கழகத்தின் கீழ் இல்லை. சென்னை, பாரதியார், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார், அழகப்பா என்று பிரிந்து கிடக்கின்றன. கோவைப் பக்கத்து மாணவன் சென்னைக் கல்லூரி ஒன்றின் பாடத்தைக் கற்றுத் தேறினால், அந்த மதிப்பை அவன் பல்கலைக் கழகம் தன் கணக்கிலே சேர்க்குமா? சேர்க்காவிட்டால் வலை எதற்கு? ஒரு பருவத்துப் பாடங்களுள் நூற்றுக்கு 40 வரை ஸ்வயம் என்னும் தேசிய இணையத் தளத்திலே கற்று மதிப்புப் பெறலாம் என்று 2021-இலே பல்கலைக் கழக மானியக் குழு விதி செய்தது. தில்லியிலிருந்து வரும் பாடத்துக்கு இடம் உண்டு என்றால், பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் பாடத்துக்கு இடம் இல்லாமற் போகுமா? தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் துணைவேந்தர்களை ஒன்றாக உட்கார வைத்துத் தீர்க்க வேண்டிய செய்தி இது.

நான்காவது, பாடம் தமிழிலே இருக்க வேண்டும். அதுவும் படித்தால் புரியும் தமிழிலே இருக்க வேண்டும். வகுப்பிலே ஆசிரியர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழிலே விளக்கிவிடுவார். தனியாக அமர்ந்து படிப்பவனுக்கு அந்த விளக்கம் கிடையாது. தாளிலே இருப்பதுதான் ஆசிரியர். உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்க்காக 2001-இலேயே தமிழ் இணையப் பல்கலைக் கழகத்தை நிறுவிய மாநிலம் நம்முடையது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரால் இயங்குகிறது. கடல் கடந்து பாடம் அனுப்பத் தெரிந்த நமக்கு, கூடலூருக்கும் கோடியக்கரைக்கும் அனுப்பத் தெரியாதா?

இத்தனைக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. அரசினர் கல்லூரிகளிலே நிலையான ஆசிரியர் பணியிடங்கள் நெடுங்காலம் நிரப்பப்படாமல் கிடந்தன. ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் நடந்து வந்துள்ளன. பெயரிலே கௌரவம், வாழ்விலே நிச்சயமின்மை. இந்த நிலையிலே தொலைநிலைத் திட்டம் வந்தால், செலவைக் குறைக்க நினைப்பவர்க்கு ஒரு சபலம் தட்டும். ஒருவர் பேசியதைப் பதிவு செய்து நூற்றைம்பது கல்லூரிக்கும் அனுப்பிவிடலாமே, புதிதாக ஆசிரியர் எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எழும் நாளிலே திட்டம் செத்தது என்று பொருள். சிறிய கல்லூரியில் இல்லாத பாடத்தைக் கொண்டு சேர்க்க வந்த வலை, இருக்கிற ஆசிரியரை வாரிக்கொண்டு போகும் வலையாகிவிடக் கூடாது. ஆகவே, இணைப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்லூரியிலும் ஒரு பணியிடத்தையும் குறைக்கலாகாது என்று திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பார் சிலர். கட்டடம் இருக்கிறது. சிற்றூராட்சிகள் 12,525-ஐயும் இணையக் கம்பியால் இணைக்கும் பெரிய திட்டத்தையே அரசு மேற்கொண்டிருக்கிறது. கூடுதலாக வேண்டுவது ஆசிரியர் ஊதியமும், நூலகத்தை மாலையிலே திறந்து வைப்பவர் ஊதியமும், அச்சுக் கூலியுமே. ஆண்டுதோறும் தவறாமல் செலவாகும் பணம் இது. திறப்பு விழாவுக்கு ஏற்ற செலவன்று. அதனாலேயே இதை ஒதுக்கிவிட்டுத் திரை வாங்க ஓடுகின்றனர். திரை ஐந்தாண்டிலே பழுதாகும். ஐந்தாண்டு கற்பித்துப் பழகிய ஆசிரியரோ முன்னிலும் சிறந்தவராவார்.

தொலைநிலையிலே பெற்ற பட்டமும் நேர்முகமாகப் பெற்ற பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரிலே பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. விதியிலே சமம், வீதியிலே சமமா? "அஞ்சல் வழியா?" என்று நேர்காணலிலே உதட்டைச் சுளிப்பவர் இன்றும் உண்டு. அந்தச் சுளிப்பை அறிவிப்பால் போக்க முடியாது. அந்தப் பட்டத்துக்குப் பின்னே உண்மையான கற்பித்தல் இருந்தது, திருத்திய தாள்கள் இருந்தன, நேரிலே கண்ட ஆசிரியர் இருந்தார் என்ற நிலை வந்தால்தான் அது தானே மறையும். இரவு வேலை முடிந்து கண் விழித்துப் படிப்பவனுக்கு, நமக்குக் கிடைப்பதிலே பாதியாவது கிடைக்க வேண்டாவா? வகுப்பு முடிந்ததும் ஆசிரியரைத் தாழ்வாரத்திலே நிறுத்தி, "ஐயா, இது விளங்கவில்லை" என்று கேட்கிறோமே, அந்த உரிமையைத்தான் அவனுக்காகக் கேட்கிறேன்.

நண்பர்களே! இது அரசும் பேராசிரியர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி என்று விட்டுவிட வேண்டா. கோடை விடுமுறையிலே நாம் அனைவரும் ஊருக்குப் போகிறோம். நம் ஊருக்கு அருகிலுள்ள அரசினர் கல்லூரிக்கோ, தொலைநிலைப் படிப்பு மையத்துக்கோ ஒரு நாள் போய் வருவோம். நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது? அனுப்பிய பயிற்சித் தாள் எத்தனை நாளிலே திரும்பி வருகிறது? பாடப் புத்தகம் தமிழிலே புரியும்படி இருக்கிறதா? ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் உண்டா? இந்த நான்கை மட்டும் அங்கே படிக்கும் மாணவரிடமே கேட்டு எழுதி வருவோம். சூலையிலே சங்கம் கூடும்போது அவற்றையெல்லாம் தொகுத்து, பெயர் குறிப்பிடாமல், உயர்கல்வி மன்றத்துக்கு அனுப்புவோம். திட்டம் தீட்டுவோர் மேசை மீது கருவி விற்போரின் விலைப் பட்டியல் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். மாணவரின் கேள்விப் பட்டியலும் அதன் பக்கத்திலே இருக்க வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பது நம் வேலை.